காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் புது போனுக்கு வருமா?

அவிநாசி பக்கம் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின் யூனிட்) நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஐந்து வருடம் ஓடிய ஆண்ட்ராய்டு போனை மாற்றிப் புதுசு வாங்கப் போகிறார். பழைய போனில் காசு கட்டிய ஆப்கள் நான்கு இருக்கின்றன: தையல்காரர்களுக்குப் பீஸ் ரேட் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) கணக்குப் போடும் ஆப் (வருட சந்தா, ஒரு ஏஜென்ட் வந்து போட்டுக் கொடுத்தது), விளம்பரம் வராமல் இருக்கக் காசு கட்டிய ஸ்கேனர் ஆப், மாமியாருக்காக வாங்கிய பஞ்சாங்கம், மகளின் கணக்கு விளையாட்டு. கடையில், "காசு கட்டின ஆப் எல்லாம் புது போனுக்கு வராதுங்க, மறுபடி வாங்கித்தான் ஆகணும். மத்ததை மாத்தித் தர 800 ரூபாய்" என்று சொன்னார்களாம். இது உண்மையா என்று கேட்கிறார். வீட்டுக்காரர் ஐபோன் வாங்கச் சொல்கிறாராம், அதனால் ஏதாவது மாறுமா என்றும் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி, ஆப்புக்குக் கொடுத்த பணம் எதன் மேல் ஏறியிருக்கிறது என்பதுதான். போன் மேலா, சிம் மேலா, அவர் பெயர் மேலா?

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுத் திருப்பூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். வருடக்கணக்காக இதே கேள்வியோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் இன்னும் அதிகம். முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிளே ஸ்டோரில் வாங்கிய ஆப், வாங்கும்போது எந்தக் கூகுள் அக்கவுண்ட் திறந்திருந்ததோ அந்த அக்கவுண்டின் பேரில் பதிவாகிறது. போன் உடைந்தாலும், தொலைந்தாலும், சிம் மாறினாலும் அந்தப் பதிவு அப்படியே இருக்கும். நிலம் எந்தப் பேரில் பட்டாவோ அந்தப் பேருக்குத்தான் சொந்தம், அதில் இன்று யார் ஏர் ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். புது போனில் அதே அக்கவுண்டைப் போட்டுப் பிளே ஸ்டோரைத் திறந்தால், விலை எழுதியிருக்க வேண்டிய இடத்தில் 'இன்ஸ்டால்' என்றே வரும். மறுபடி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஆகவே கடையில் சொன்னது, பிளே ஸ்டோரில் வாங்கிய ஆப்களைப் பொறுத்தவரை தவறு.

ஆனால் கடைக்காரர் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. புது போன் வாங்கினால் கவுண்டரிலேயே "மெயில் ஐடி போட்டுத் தர்றோம்" என்று ஒரு புது ஜிமெயிலை உருவாக்கி, போனைத் தயார் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். பெயரோடு பிறந்த தேதியோ வண்டி நம்பரோ சேர்த்து ஒரு ஐடி, கடைப் பையனுக்குத் தோன்றிய ஒரு பாஸ்வேர்ட். வாங்கியவருக்கு அது என்னவென்றே தெரியாது, தேவையும் படாது, ஏனென்றால் போன் ஒருமுறை கேட்ட பிறகு திரும்பக் கேட்பதில்லை. அடுத்த போன் வாங்கும்போது இன்னொரு கடை, இன்னொரு ஐடி. அந்தப் புது ஐடியில் போய்ப் பார்த்தால் பழைய ஆப்களுக்கு விலை காட்டத்தான் செய்யும். வாங்கினது ஒரு பேரில், தேடுவது வேறொரு பேரில். "காசு கட்டின ஆப் வராது" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு கூகுள் அக்கவுண்டில் வாங்கியதை இன்னொரு அக்கவுண்டுக்கு மாற்றிக்கொடுக்கக் கூகுளில் வழி கிடையாது. அதனால் பழைய அக்கவுண்டைக் கண்டுபிடித்து உயிரோடு வைத்துக்கொள்வதுதான் இங்கே முக்கியமான வேலை.

அதைப் பழைய போன் கையில் இருக்கும்போதே செய்யுங்கள். பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொடுங்கள். மின்னஞ்சல் முகவரி தெரியும். அதன் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் அந்தப் போனில் உள்ள மற்ற அக்கவுண்டுகளும் வரும். ஒவ்வொன்றாக மாற்றி, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதற்குள் 'பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி' என்று இருப்பதைப் பாருங்கள். எந்த ஆப் எந்தத் தேதியில் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று வரிசையாக இருக்கும். ஸ்கேனர் ஒரு அக்கவுண்டிலும் பஞ்சாங்கம் இன்னொன்றிலும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், வீட்டில் நாலு பேர் கை வைத்த போனில் அது சகஜம். இன்னொரு வழி, ஜிமெயிலில் தேடுவது. பிளே ஸ்டோர் ஒவ்வொரு வாங்கலுக்கும் ரசீது அனுப்பும். அதில் ஆர்டர் எண் 'ஜிபிஏ' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். அந்த மெயில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ அதுதான் நீங்கள் தேடும் அக்கவுண்ட்.

முகவரி தெரிந்துவிட்டது, பாஸ்வேர்ட் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பழைய போனில் அந்த அக்கவுண்ட் இன்னும் திறந்தே இருப்பதுதான் பெரிய சாவி. அந்தப் போனின் செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றப் பாருங்கள். பழைய பாஸ்வேர்டைக் கேட்டால் 'மறந்துவிட்டது' என்பதைத் தொடுங்கள். பெரும்பாலும் அதே போனின் திரைப் பூட்டையோ ஓடிபியையோ வைத்து உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் மீட்பு எண் என்ற இடத்தில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். கடைப் பையனின் நம்பரோ நீங்கள் எப்போதோ விட்டுவிட்ட சிம்மின் நம்பரோ இருந்தால் உடனே உங்கள் நம்பரைப் போடுங்கள். முகவரியே தெரியாமல் போன் ஏற்கனவே கைவிட்டுப் போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கூகுள் நுழைவுப் பக்கத்தில் 'மின்னஞ்சல் மறந்துவிட்டது' என்பதைத் தொட்டு மீட்பு எண்ணையும் பெயரையும் கொடுத்தால், அந்த எண்ணோடு சேர்ந்த அக்கவுண்டுகளைக் காட்டும். அந்த எண்ணும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை, பழைய போனும் இல்லை என்றால் மீட்பது மிகக் கடினம். அங்கே எந்தச் சர்வீஸ் கடைக்காரரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது, நானும் சேர்த்துத்தான். இரண்டு வருடம் யாரும் தொடாத அக்கவுண்டை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது என்பதையும் மனதில் வையுங்கள். பழைய ஐடிக்குள் அவ்வப்போது போய் வருவது நல்லது.

சரி, அக்கவுண்ட் கிடைத்துவிட்டது. புது போனில் அதையே முதல் அக்கவுண்டாகப் போடுங்கள். கடையில் வேறு ஐடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் பரவாயில்லை, ஒரே போனில் இரண்டு மூன்று அக்கவுண்டுகள் இருக்கலாம். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இலவசமாக இறக்கிவிட்டு உள்ளே காசு கட்டித் திறக்கும் ஆப்கள் இருக்கின்றனவே, உங்கள் ஸ்கேனர் மாதிரி, அவை எந்த அக்கவுண்டின் வழியாக இறக்கப்பட்டனவோ அந்த அக்கவுண்டில் காசு கட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். புது ஐடி வழியாக இறங்கியிருந்தால், பழைய ஐடியும் அதே போனில் இருந்தாலும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அப்போது ஆப்பை எடுத்துவிடுங்கள், பிளே ஸ்டோரில் பழைய அக்கவுண்டுக்கு மாறுங்கள், மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். சில ஆப்களில் உள்ளே 'ரிஸ்டோர் பர்ச்சேஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதையும் ஒருமுறை அழுத்துங்கள். வேலை முடிந்தது என்று பழைய அக்கவுண்டைப் புது போனிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் காசு கட்டிய உரிமையும் அதோடு போகலாம். அவசரத்தில் புது ஐடியில் மறுபடி வாங்கிவிட்டீர்கள் என்றால், 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஆப் செய்த கம்பெனியிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

பஞ்சாங்கத்துக்கும் ஸ்கேனருக்கும் இது போதும். மகளின் கணக்கு விளையாட்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். முழு விளையாட்டைத் திறக்கக் கட்டிய காசு அக்கவுண்டில் இருக்கும். ஆனால் நாணயம், வைரம், உயிர் என்று வாங்கிச் செலவழிப்பவை அப்படித் திரும்பி வருவதில்லை. அவை அந்த விளையாட்டின் சொந்தக் கணக்கில் எழுதப்பட்டிருந்தால்தான் வரும். எத்தனையாவது கட்டம் வரை போயிருக்கிறாள் என்பதும் அப்படித்தான். விளையாட்டின் செட்டிங்ஸில் பிளே கேம்ஸோடோ வேறு லாகினோடோ இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பழைய போனிலேயே பாருங்கள், இருந்தால் இணைத்துவிடுங்கள். குழந்தைக்கு அது பெரிய விஷயம்.

இங்கே வாங்கிய உரிமையையும் உள்ளே இருக்கும் விவரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆப் காசில்லாமல் இறங்கிவிடும், ஆனால் திறந்தால் காலியாக இருக்கலாம். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும், அதுவும் ஆப் செய்தவர் அனுமதித்திருந்தால். நூறு நூறாக ஸ்கேன் செய்த டெலிவரி சலான்களும் பில்களும் அந்த அளவுக்குள் அடங்காது. ஸ்கேனர் ஆப்பில் இருப்பவற்றைப் பிடிஎஃப்பாக மாற்றிக் கூகுள் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு வையுங்கள். டிரைவில் இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. பழைய போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் அதன் பேக்கப் அழிந்துவிடக்கூடும் என்பதால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அலமாரியில் வைத்துவிட வேண்டாம். சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் போலப் பல கம்பெனிகள் போனிலிருந்து போனுக்கு மாற்றும் ஆப் வைத்திருக்கின்றன. போட்டோ, தொடர்பு எண்கள், மெசேஜ் எல்லாம் அதில் நன்றாகவே வரும். ஆப்களையும் அது நகர்த்தும், ஆனால் காசு கட்டிய உரிமையை அது நகர்த்துவதில்லை. அதைக் கடைசியில் பிளே ஸ்டோர்தான் சரிபார்க்கிறது.

இனி பீஸ் ரேட் ஆப். உங்கள் நான்கில் நான் உண்மையிலேயே கவலைப்படுவது இதற்கு மட்டும்தான். ஏஜென்ட் நேரில் வந்து போட்டுக் கொடுத்தது, பணத்தையும் அவரிடமே கட்டினீர்கள் என்றால் பிளே ஸ்டோருக்கு அந்த வாங்கலைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த மாதிரி கணக்கு ஆப்கள் பலவும் லைசென்ஸைப் போனோடு கட்டிவிடும். ஒரே நேரத்தில் ஒரு போன் அல்லது இரண்டு போன் என்று வரம்பு இருக்கும். பழைய போனில் முறையாக லாக் அவுட் செய்யாமல் அதை ரீசெட் செய்துவிட்டால், புது போனில் 'ஏற்கனவே வேறு கருவியில் பயன்பாட்டில் உள்ளது' என்று நிற்கும். உங்கள் ஆப் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதைச் செய்த கம்பெனியின் விதி, ஆப்பைப் பார்க்காமல் வெளியிலிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஏஜென்டைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: லைசென்ஸ் என் மொபைல் எண்ணில் இருக்கிறதா, இந்தப் போனில் இருக்கிறதா? கணக்கு விவரம் உங்கள் சர்வரில் இருக்கிறதா, போனுக்குள்ளேயே இருக்கிறதா? போனை மாற்ற என்ன செய்ய வேண்டும்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு போனுக்குள்ளேயே இருக்கிறது என்றால், ஆள்வாரியான பாக்கி, அட்வான்ஸ் எல்லாவற்றையும் எக்செல்லாக எடுத்து வைத்த பிறகே அடுத்த வேலை. ஒரு டெய்லரின் மூன்று வாரக் கணக்கு காணாமல் போனால், அது ஆப் விலையைவிடப் பெரிய சேதம். அதில் அவர் கூலியும் இருக்கிறது, உங்கள் மேல் அவர் வைத்த நம்பிக்கையும் இருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஓரிரு பழைய ஆப் இறங்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு 14-லிருந்து, ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்துக்காக எழுதி அப்படியே விட்ட ஆப்களைப் போன் நிறுவ விடாது. 2022-இல் வந்த பிக்சல் 7 போலச் சில போன்கள் 64 பிட் ஆப்களை மட்டுமே ஏற்கும், பழைய 32 பிட் முறையில் மட்டும் எழுதியவற்றை ஏற்காது. அதனால் செய்தவர் வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்காத பஞ்சாங்க ஆப் ஒன்று, காசு கட்டியிருந்தும் புது போனில் வராமல் போக வாய்ப்பு இருக்கிறது. ஆப்பின் பக்கத்தில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். சமீபத்திய தேதி என்றால் கவலை இல்லை. வேறு ஸ்டோரில் வாங்கியவற்றுக்கு வேறு கதை. அமேசான் தன் ஆப் ஸ்டோரை ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அங்கே காசு கட்டியவர்களுக்குப் புது போனில் இறக்கிக்கொள்ள வழி இல்லை. அதற்காக ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து அதே ஆப்பை இறக்கிப் போடாதீர்கள். பணம் போடும் எடுக்கும் ஆப்கள் இருக்கும் அதே போனில் அடையாளம் தெரியாத ஒன்றை உள்ளே விடுவது வேண்டாத வேலை.

வீட்டுக்காரர் சொல்லும் ஐபோன் விஷயத்துக்கு நேரான பதில், பிளே ஸ்டோரில் வாங்கிய எதுவும் ஆப்பிளுக்கு வராது. ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் தொடர்பு எண்கள், மெசேஜ், போட்டோ எல்லாவற்றையும் கொண்டுபோகும், 2022-இலிருந்து வாட்ஸ்அப் பேச்சுகளையும் கொண்டுபோகிறது. இலவச ஆப்களில் இரண்டு பக்கமும் இருப்பவை சிலவற்றைத் தானே எடுத்துத் தரும். காசு கட்டியவற்றை மறுபடி வாங்கியே ஆகவேண்டும். சொந்த லாகின் வைத்திருக்கும் சந்தாக்கள் மட்டும் பெரும்பாலும் விதிவிலக்கு. அதே மொபைல் எண்ணையோ மெயிலையோ போட்டு நுழைந்தால் ஐபோனிலும் சந்தா உயிரோடு இருக்கும். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு விதி கூகுளைப் போலவேதான், வாங்கியது ஆப்பிள் அக்கவுண்டில் இருக்கும். ஒரு ஆப்பிள் அக்கவுண்டில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை 2025-இல் ஆப்பிள் கொண்டுவந்தது, ஆனால் அறிவித்தபோது இந்தியாவை அதில் சேர்க்கவில்லை. உங்கள் நிலையில் நான் ஆண்ட்ராய்டிலேயே இருப்பேன். ஆப் விலை அதற்குக் காரணம் இல்லை. பீஸ் ரேட் ஆப் ஐபோனில் இருக்கிறதா என்பதே தெரியாமல் அந்தப் பக்கம் போவது தொழிலுக்கு நல்லதில்லை.

சந்தாவைப் பற்றி இன்னும் ஒன்று. போனை மாற்றினாலும் ஆப்பை நீக்கினாலும் சந்தா நிற்காது. யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தேதி தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலான சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ கேட்காது, 24 மணி நேரத்துக்கு முன்பு ஒரு தகவல் மட்டும் வரும். பழைய போனோடு கைவிடப் போகும் ஆப்களின் சந்தாவைப் பிளே ஸ்டோரில் போய் நிறுத்திவிடுங்கள்.

மாற்றும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று பழைய போனை அன்றைக்கே கவுண்டரில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். முடிந்தால் ஒரு வாரம் இரண்டையும் வைத்திருங்கள். புது போனில் கூகுளுக்குள் நுழையும்போது 'இது நீங்கள்தானா' என்று பழைய போனில்தான் கேட்கும். இரட்டைப் பாதுகாப்புக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் (நுழையும்போது கேட்கும் எண்ணைத் தருவது) வைத்திருந்தால் அதையும் பழையது கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பணம் அனுப்பும் ஆப்களில் சிம்மைப் புது போனில் போட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. சனிக்கிழமை சம்பளம் போடுகிறவர் நீங்கள். வெள்ளிக்கிழமை போனை மாற்றினால் சம்பள நேரத்தில் கையைப் பிசைய வேண்டி வரும். திங்களோ செவ்வாயோ மாற்றுங்கள்.

பழையதைக் கொடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் போய்க் கூகுள் அக்கவுண்டை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் செய்யுங்கள். வேறு வழியில் ரீசெட் செய்தால், 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இருக்கும் திருட்டுப் பாதுகாப்பு, அடுத்து வாங்குபவரிடம் உங்கள் பழைய அக்கவுண்டைக் கேட்டு நிற்கும். இங்கே அக்கவுண்டை நீக்குவதால் வாங்கிய ஆப்களுக்கு எதுவும் ஆகாது, அது புது போனில் இருக்கிறது.

800 ரூபாய் கொடுக்கலாமா என்றால், போட்டோவையும் வாட்ஸ்அப்பையும் பொறுமையாக மாற்றிக் கொடுக்கும் உழைப்புக்கு ஒரு கூலி உண்டு, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொகையில் ஆப் வாங்கல் எதுவும் சேர்ந்ததில்லை. கடையில் செய்யக் கொடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே அடியுங்கள். புது மெயில் ஐடி போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம், என்னுடையது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஏஜென்ட் என்ன பதில் சொன்னார் என்று இங்கேயே எழுதினால், பீஸ் ரேட் ஆப்பை எப்படி மாற்றுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.